பொலித்தீன் பைக்குள் இருந்த அண்ணா

வாசகர் கடிதம் (சுருக்கியும் அடையாளங்களை நீக்கியும் தரப்படுகிறது):

எனக்கு 19 வயது. முல்லைத்தீவு மாவட்டம். இந்த வருடம் ஏ.எல். (உயர்தர) சோதனை எழுதப்போகிறேன். யுத்தம் முடிந்த 2009இல் எனக்கு மூன்று வயது. யுத்தத்தைப் பற்றி வீட்டில் கேட்டால் "கஷ்டப்பட்டம், வந்திட்டம்" என்பதோடு கதை முடிந்துவிடும். அப்பா காலில் காயப்பட்டு மாத்தளனிலிருந்து கப்பலில் போனவர். அதற்குப் பிறகு அம்மாவும் அம்மம்மாவும் என்னைத் தூக்கிக்கொண்டு தண்ணீருக்குள்ளால் வந்தார்கள். எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்.

போன மாதம் ஒரு படிவத்துக்காக என் பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தைத் தேடினேன். அம்மா பத்திரங்களையெல்லாம் ஒரு பொலித்தீன் பையில் சுற்றி றங்குப்பெட்டிக்கு அடியில் வைத்திருப்பா. அதில் என்னுடையதோடு இன்னொன்றும் இருந்தது. ஆண் பிள்ளை, 2002இல் பிறந்தவர். தாய், தகப்பன் பெயர்கள் என் அம்மா அப்பாவுடையவை. அம்மாவிடம் காட்டினேன். "அது பிழையா எழுதின பத்திரம்" என்று பறித்து வைத்தா. அப்பா "இனி இந்தக் கதை எடுக்கக்கூடாது" என்றார். அன்றிரவு அம்மம்மா தனக்குள்ளே "ரெண்டையும் தூக்க ஏலாமப் போச்சு" என்று சொல்லி அழுதது எனக்குக் கேட்டது.

தம்பிக்கு 12 வயது. அம்மா சிலவேளை அவனை வேறு பெயரில் கூப்பிட்டுவிட்டு நாக்கைக் கடிப்பா. பத்திரத்தில் இருந்தது அந்தப் பெயர்தான். எங்கள் ஊரே வட்டாப்பளைப் பொங்கலுக்குப் போகும், அம்மா மட்டும் போகமாட்டா. செம்மணிப் புதைகுழியில் எடுத்த அந்த நீலப் புத்தகப் பையின் படத்தைப் பார்த்துவிட்டு இரண்டு நாள் சாப்பிடவில்லை.

எனக்கு ஒரு நினைவு இருக்கிறது. இருட்டு, ஈர மண் மணம், ஒரு சின்னக் கை என் காதைப் பொத்துகிறது. கனவு என்றுதான் இவ்வளவு நாளும் நினைத்தேன். ஒருவருக்கும் சொன்னதில்லை.

என்னைத் தூக்கியதால்தான் அண்ணா இல்லையா? அவர் செத்துவிட்டாரா, எங்கேயாவது இருக்கிறாரா? வீட்டில் திரும்பக் கேட்கலாமா? தம்பிக்குச் சொல்லலாமா? படிக்க முடியவில்லை. அண்ணாவின் பெயரை இங்கே எழுதக்கூடப் பயமாக இருக்கிறது.

உளவளத்துணையாளரின் பதில்:

அன்புள்ள பிள்ளை,

உங்கள் முதல் கேள்வியைத்தான் முதலில் எடுக்க வேண்டும். மற்றதெல்லாம் காத்திருக்கும், அது காத்திருக்காது.

"உங்களில் பிழை இல்லை" என்று ஒரு வரியில் எழுதிவிடலாம். ஆனால் அதைச் சொன்னவுடன் யாருடைய பாரமும் இறங்கி நான் பார்த்ததில்லை. அதனால் கொஞ்சம் கணக்காகவே யோசிப்போம். உங்கள் கையில் இருப்பது ஒரு பத்திரம், அம்மம்மாவின் வாயிலிருந்து வந்த ஒரு வசனம். இந்த இரண்டையும் வைத்து ஒரு முழுக்காட்சியை நீங்களே கட்டிவிட்டீர்கள்: தண்ணீர், இரண்டு பிள்ளைகள், நடுவில் நின்று ஒன்றைத் தெரிவு செய்யும் அம்மா. அப்படி நடந்ததென்று உங்களுக்கு யாரும் சொல்லவில்லை. "ரெண்டையும் தூக்க ஏலாமப் போச்சு" என்பதற்குள் எத்தனையோ கதை இருக்கலாம். அண்ணா முன்னரே காயப்பட்டிருக்கலாம். முன்னரே உயிர் போய், உடலைத் தூக்கிவர முடியாமல் போயிருக்கலாம். சனத்துக்குள் கை நழுவியிருக்கலாம். எது என்று எனக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது.

நீங்கள் பயப்படுகிற காட்சியே உண்மை என்று வைத்துக்கொண்டாலும், அவருக்கு அப்போது ஆறோ ஏழோ வயது, உங்களுக்கு மூன்று. மூன்று வயதை இடுப்பில் வைத்துக்கொண்டு ஏழு வயதைச் சட்டையில் பிடித்துக்கொண்டு நட என்று சொல்வது தெரிவு இல்லை, பிள்ளை. சந்தைக்குப் போகிற தாயும் அப்படித்தான் போவாள். கோயிலுக்குப் போகிறவளும் அப்படித்தான். 2009 ஏப்ரல் 20ஆம் திகதி மாத்தளனில் மண் அணையை ஆமி உடைத்து உள்ளே வந்த பிறகு, சில நாட்களுக்குள் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட சனம் வெளியே வந்தது. அதில் பெரும்பகுதி நீரேரிக்குள்ளால் நடந்துதான் வந்தது. உங்கள் வீட்டார் வந்ததும் அந்த நாட்களாக இருக்கலாம். அப்படி வந்த தாய்மார் பலர் எனக்கு முன்னால் இருந்து கதைத்திருக்கிறார்கள். அவர்கள் ஒருவருடைய கதையிலும் யோசிக்க நேரம் இருந்ததில்லை. யோசித்து முடிவெடுத்தது போல் அது தெரிவதெல்லாம் பிறகு, பல வருட இரவுகளில்.

நீங்கள் அந்த நேரத்தில் ஒரு சுமை. ஒரு பிள்ளை சுமையாக இருப்பதில் குற்றமில்லை. உங்கள் மனம் குற்றத்தைப் பிடித்துக்கொண்டிருப்பதற்கு ஒரு காரணம் உண்டு. "என்னால்தான்" என்று நினைப்பது வலிக்கும், ஆனால் அதில் ஒரு காரணமாவது இருக்கிறது. "யாராலும் ஒன்றும் செய்திருக்க முடியாது" என்பதில் பிடித்துக்கொள்ள ஒன்றுமே இல்லை. அதனால் மனம் முதலாவதைத் தெரிவு செய்யும். தப்பிவந்தவர்கள் எல்லோரிடமும் இதைப் பார்க்கிறேன், மூன்று வயதில் வந்தவர்களிடமும்.

இனி அம்மா.

"பிழையா எழுதின பத்திரம்" என்று அம்மா சொன்னது பொய். அதை மென்று விழுங்கி எழுத விரும்பவில்லை. ஆனால் அவர் என்ன சொன்னார் என்பதை விட, அந்தப் பத்திரத்தை என்ன செய்தார் என்பதைப் பாருங்கள். அந்த நாட்களில் வன்னியில் சனம் எதையெல்லாம் எரித்தது, எதையெல்லாம் புதைத்தது என்று உங்கள் ஊர்ப் பெரியவர்களைக் கேட்டால் தெரியும். கலியாண அல்பம், கடிதங்கள், சீருடையோடு எடுத்த ஒரு படம் இருந்தால் அந்த அல்பம் முழுக்க. மறைக்க நினைப்பவர் எரிப்பார். உங்கள் அம்மா பொலித்தீனில் சுற்றினார். உங்களுடைய பத்திரத்தோடு சேர்த்து, தண்ணீர் படாமல், 16 வருடமாக. அவர் அந்தப் பிள்ளையை இல்லாமலாக்கவில்லை, வாயால் சொல்ல முடியாத ஒன்றைப் பெட்டியில் வைத்திருக்கிறார்.

சொல்ல முடியாமல் போனதற்கு எல்லாமே துக்கம்தான் காரணம் என்று நினைக்காதீர்கள். பழக்கமும் ஒரு காரணம். இறுதி யுத்தத்தில் இருந்து வெளியே வந்தவர்களில் அநேகமானோர் செட்டிகுளத்தில், மெனிக் பாம் முகாமுக்குள் அடைக்கப்பட்டார்கள். கிட்டத்தட்ட மூன்று லட்சம் பேர். இராமநாதன், அருணாசலம், கதிர்காமர், ஆனந்தகுமாரசுவாமி என்று பெரிய தமிழர்களின் பெயர்களை வைத்த வலயங்கள், சுற்றிவர முட்கம்பி. (அந்தப் பெயர்களை யார் தெரிவு செய்தார்களோ, நான் இன்றைக்கும் யோசிப்பதுண்டு.) 2012 செப்டெம்பரில்தான் அது முற்றாக மூடப்பட்டது. அங்கே திரும்பத் திரும்பப் பதிவு, திரும்பத் திரும்ப விசாரணை. யார் இயக்கத்தில் இருந்தது, யாருடைய பிள்ளை எங்கே, ஏன் இங்கே இல்லை. கேட்டதற்கு மட்டும் பதில், அதுவும் குறைவாக. பிள்ளைகளுக்கு முன்னால் ஒன்றும் கதைக்கக்கூடாது, பிள்ளை போய் எங்காவது உளறிவிடும். ஊருக்குத் திரும்பிய பிறகும் வாசலில் வந்து விசாரிப்பவர்கள் நிற்கவில்லை. அந்தக் காலத்தில் மௌனம்தான் பல வீடுகளைக் காப்பாற்றியது. காப்பாற்றிய ஒன்றை விட்டுவிடுவது லேசான காரியமில்லை.

அப்பாவின் மௌனத்தையும் அம்மாவின் மௌனத்தையும் ஒன்றாகப் பார்க்காதீர்கள். இது உங்கள் கடிதத்தில் எனக்கு முக்கியமாகப் பட்ட இடம். அம்மா அங்கே இருந்தவர். அப்பா இல்லாதவர். காயப்பட்டவர்களைச் செஞ்சிலுவைச் சங்கத்தின் ஏற்பாட்டில் மாத்தளன் கரையிலிருந்து கப்பலில் திருகோணமலைக்கும், பிறகு புல்மோட்டைக்கும் கொண்டுபோனார்கள். அப்படிப் போன ஆண்கள் பலரைச் சந்தித்திருக்கிறேன். கப்பல் ஏறும்போது கரையில் இரண்டு பிள்ளைகளை விட்டுவிட்டுப் போன ஒரு மனிதர், மாதங்கள் கழித்து முகாமில் ஒரு பிள்ளையோடு நிற்கும் மனைவியைக் காண்கிறார். அவர் என்ன கேட்டிருப்பார்? கேட்டிருந்தால் அந்தக் கேள்வி அவருக்குள் இன்றைக்கும் கிடந்து குத்தும். கேட்காமல் விட்டிருந்தால் அதுவும் குத்தும். "இனி இந்தக் கதை எடுக்கக்கூடாது" என்று அவர் சத்தம் போட்டது உங்களை அடக்குவதற்காக மட்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. அம்மாவை அந்தக் கேள்வியிலிருந்து காப்பாற்றவும் அவர் சத்தம் போட்டிருக்கலாம். நான் ஊகிக்கிறேன், அவ்வளவுதான். ஆனால் அடுத்த முறை அப்பா முகம் கடுக்கும்போது இதை ஒருதரம் நினைத்துப் பாருங்கள்.

டான் பார்-ஓன் (Dan Bar-On) என்று இஸ்ரேலில் ஓர் உளவியலாளர் இருந்தார். நாசிகள் கொன்றதில் தப்பிவந்த யூதக் குடும்பங்களோடும், நாசிகளின் பிள்ளைகளோடும் வருடக்கணக்காகக் கதைத்தவர். அவர் இரட்டைச் சுவர் என்று ஒன்றைச் சொன்னார். நடந்ததைச் சுற்றிப் பெற்றோர் ஒரு சுவரைக் கட்டுவார்கள். பிள்ளைகள் அது தெரிந்து, அதற்கு இந்தப் பக்கம் தாங்களும் ஒரு சுவரைக் கட்டுவார்கள். எப்போதாவது ஒரு பக்கத்தவர் துணிந்து ஒரு ஜன்னலைத் திறந்தால், எதிரே தெரிவது மற்றவருடைய சுவர். இதைப் படித்தபோது, இவர் எங்கள் வீடுகளின் குசினிக்குள் வந்து பார்த்தாரா என்று இருந்தது.

சரி, உங்கள் வீட்டில் இரண்டாவது சுவர் எது? காதைப் பொத்திய அந்தக் கை. 16 வருடமாக அதை நீங்கள் ஒருவருக்கும் சொல்லவில்லை. வீட்டில் அந்த நாட்களைப் பற்றி ஒளித்து வைத்திருப்பவர் அம்மா மட்டும் இல்லை, பிள்ளை. நீங்களும்தான்.

"திரும்பக் கேட்கலாமா" என்பதற்கு என் பதில் இதிலிருந்துதான் வருகிறது. கேட்காதீர்கள். சொல்லுங்கள்.

கேள்வி என்று வந்தாலே அம்மாவுக்கு அது விசாரணை. "யார் இது, என்ன நடந்தது, ஏன் சொல்லவில்லை" என்று எவ்வளவு மெதுவாகக் கேட்டாலும், முட்கம்பிக்குள் மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவன் கேட்டதும் அவைதான். உங்கள் கையில் பத்திரம் வேறு. ஆதாரத்தோடு வந்து நிற்கிற பிள்ளைக்கு முன்னால் ஒரு தாய் என்ன செய்வாள்? பறித்து வைப்பாள். ஆனால் உங்களிடம் இன்னொன்று இருக்கிறது. அது அம்மாவிடம் இல்லாதது. தன் மகனைப் பற்றிய ஒரு நினைவு, தனக்குத் தெரியாத இடத்தில் 16 வருடமாக இருந்திருக்கிறது என்பது அவருக்குத் தெரியாது. அதைக் கொண்டுபோய்க் கொடுங்கள்.

இதை நான் புத்தகத்திலிருந்து சொல்லவில்லை, பிழை விட்டுப் படித்தது. 1995 ஒக்ரோபர் 30 இரவு யாழ்ப்பாணத்தில் வலிகாமம் முழுக்க இடம்பெயர்ந்து தென்மராட்சிப் பக்கம் நடந்தது. எங்கள் வீட்டிலிருந்தும் எல்லோரும் நடந்தோம், தாத்தாவைத் தவிர. "அவர் வரமாட்டன் எண்டவர்" என்பதுதான் வீட்டில் எப்போதும் சொல்லப்பட்ட கதை. உளவளத்துணைப் பயிற்சி எடுத்துவிட்டு வந்த சூட்டில், ஒருநாள் அம்மாவை முன்னுக்கு இருத்தி நேராகக் கேட்டேன்: "அவர் உண்மையா வரமாட்டன் எண்டவரோ?" அம்மா எழும்பிப் போய் முற்றத்தைக் கூட்டினா. கூட்டின முற்றத்தைத் திரும்பக் கூட்டினா. அதற்குப் பிறகு ஒரு வருடம் அந்தப் பேச்சுக்கே இடமில்லை. பின்னர் ஒருநாள், வேறு ஏதோ கதையில், அந்த இரவு தாத்தா என் கையில் ஒரு கற்கண்டுத் துண்டு வைத்ததை நான் சும்மா சொன்னேன். அம்மா வேலையை நிறுத்திவிட்டு, "கற்கண்டு தந்தவரோ?" என்றா. மிச்சக் கதை அந்தக் கற்கண்டுக்குப் பின்னால்தான் வந்தது. முழுக்க வரவில்லை. வந்த அளவு போதும்.

ஆகவே செய்முறை. முதலில் சோதனை முடியட்டும். கல்நெஞ்சக்காரி என்று நினைக்க வேண்டாம். இந்தக் கதை ஒரே நாளில் முடியாது. அடுத்தடுத்த வாரங்களில் வீடு கொஞ்சம் ஆடும். சோதனைக்கு நடுவில் அது ஆடினால், பிற்பாடு உங்கள் பெறுபேற்றுக்கும் அம்மா தன்னையே குற்றஞ் சொல்வார். ஏப்ரலும் மே மாதமும் வேண்டாம். அந்த மாதங்களை அம்மா ஏற்கெனவே பல்லைக் கடித்துக்கொண்டுதான் கடக்கிறார்.

முகத்துக்கு முகம் பார்த்து இருந்து கதைக்க வேண்டாம். கைக்கு ஒரு வேலை இருக்கட்டும். தேங்காய் துருவுகிறபோது, உடுப்பு மடிக்கிறபோது, வயலால் வருகிற வழியில். அப்பாவும் தம்பியும் இல்லாத நேரம் நல்லது. சொல்ல வேண்டியது இவ்வளவுதான்: "அம்மா, எனக்கு ஒரு நினைவு இருக்கு. இருட்டுக்குள்ள ஒரு சின்னக் கை என்ர காதைப் பொத்திப் பிடிச்சிருந்தது. நான் பயப்பிடாம இருந்தனான்." கடைசி வசனம் உண்மையாக இருந்தால் மட்டும் சொல்லுங்கள். அத்தோடு நிறுத்திவிடுங்கள். "அது அண்ணாவா?" என்று கேட்காதீர்கள். அந்த இடத்தை அம்மாவுக்கு விட்டுவிடுங்கள்.

அம்மா ஒன்றும் சொல்லாமல் எழும்பிப் போகலாம். ஏசலாம். "கனவு கண்டிருப்பாய்" என்று சொல்லலாம். அப்போது வாதாட வேண்டாம், துருவின தேங்காயைக் கொண்டுபோய் உள்ளே வையுங்கள். இரண்டு கிழமையோ இரண்டு மாதமோ கழித்து ஏதோ ஒன்று வரும். அது பெரும்பாலும் சாவைப் பற்றியதாக இருக்காது. என்னிடம் வருகிற தாய்மார் இழந்த பிள்ளையைப் பற்றி முதலில் சொல்வது அநேகமாகச் சாப்பாடுதான். பாணுக்குச் சீனி தொட்டுத்தான் தின்பான், பயற்றங்காய் என்றால் தட்டை அப்பால் தள்ளுவான். அது வந்தால் அங்கேயே நில்லுங்கள். எந்தப் பள்ளிக்கூடம் போனவர், உங்களை என்ன சொல்லிக் கூப்பிட்டவர் என்று உயிரோடு இருந்த பிள்ளையைப் பற்றிக் கேளுங்கள். கடைசி நாளை அம்மா சொன்னால் கேளுங்கள், சொல்லாவிட்டால் இழுக்காதீர்கள். சில தாய்மார் அதைச் சொல்லாமலே இருந்துவிடுவார்கள். அது அவர்களுடைய உரிமை என்றே நான் நினைக்கிறேன். என் துறையிலேயே இதை ஒத்துக்கொள்ளாதவர்கள் உண்டு. எல்லாவற்றையும் வெளியே கொட்டினால்தான் சுகம் வரும் என்பார்கள். கொட்டியபின் அள்ள ஆளில்லாமல் போனவர்களையும் நான் பார்த்திருக்கிறேன்.

அந்த நினைவைப் பற்றி நேர்மையாக ஒன்று சொல்ல வேண்டும். மூன்று வயது என்பது நினைவுகள் நிலைக்கத் தொடங்குகிற எல்லை. பெரும்பாலானோரின் மிக முந்திய நினைவு மூன்று, மூன்றரை வயதை ஒட்டியதாக இருக்கும், அதுவும் துண்டு துண்டாக. ஆகவே அது பங்கருக்குள் நடந்ததாக இருக்கலாம். பிறகு காதில் விழுந்தவற்றிலிருந்து மனம் செய்துகொண்டதாகவும் இருக்கலாம். அந்தக் கை அம்மம்மாவுடையதாகக்கூட இருக்கலாம். சிறிய கை என்று நினைப்பில் இருப்பதால் அண்ணாவுடையது என்று நம்ப விரும்புகிறீர்கள், நானும் விரும்புகிறேன். "இது நடந்தது" என்று அடித்துச் சொல்லாமல் "எனக்கு இப்படி நினைவு" என்று சொல்லச் சொன்னது அதனால்தான்.

அம்மம்மா வீட்டின் பலவீனமான கதவு என்பது உங்களுக்கும் தெரிந்திருக்கும். தள்ளினால் திறக்கும். தள்ளாதீர்கள். மகள் சொல்லாததைப் பேத்திக்குச் சொல்லிவிட்டோம் என்று அந்த வயதில் அவர் இன்னொரு இரகசியத்தைச் சுமக்கக்கூடாது. ஆனால் அன்றிரவு அவர் சொன்னது உங்களுக்குக் கேட்டது என்பதை அவரிடம் சொல்லலாம். சொல்லிவிட்டுப் பக்கத்தில் படுத்துக்கொள்ளுங்கள்.

தம்பிக்கு இப்போது நீங்களாகச் சொல்ல வேண்டாம், பொய்யும் சொல்ல வேண்டாம். 12 வயதுப் பிள்ளைக்கு ஒன்றும் தெரியாது என்று நினைப்பதும் பிழை. தன்னைச் சிலவேளை இன்னொரு பெயரில் கூப்பிடுகிறார்கள் என்று தெரியாமலா இருப்பான்? அவன் கேட்டால் "எனக்கும் முழுக்கத் தெரியாது, அம்மாவோட கதைச்சிட்டுச் சொல்லுறன்" என்பது போதும். இறந்த பிள்ளையின் இடத்துக்கு வந்த பிள்ளை என்ற எண்ணம் அவனுக்குள் வளரக்கூடாது. அதைப் பற்றிப் பிறகு, அம்மா கதைக்கத் தொடங்கிய பின், தனியே எழுதுங்கள்.

அண்ணா இருக்கிறாரா, இல்லையா? மேலே நான் எழுதியதில் "இறந்த பிள்ளை" என்று ஓரிடத்தில் வந்துவிட்டது. அதை அடிக்காமல் விடுகிறேன், ஏனென்றால் எல்லோரும் இப்படித்தான் வழுக்குகிறோம், ஒரு நாள் இருக்கிறார் என்று, ஒரு நாள் இல்லை என்று. வியட்நாம் யுத்தத்தில் காணாமல்போன அமெரிக்கப் படையினரின் குடும்பங்களை ஆராய்ந்த போலின் பாஸ் என்ற அறிஞர் 1970களில் இதற்குத் தெளிவற்ற இழப்பு என்று பெயர் வைத்தார். அந்தியேட்டியும் இல்லை, ஆட்டைத் திவசமும் இல்லை, அழுது முடிக்க ஒரு நாளும் இல்லை. கிளிநொச்சிக் கந்தசுவாமி கோயிலடியில் 2017 பெப்ரவரி 20இல் படங்களோடு குந்திய அம்மாமாரும் இந்த நடுவெளியில்தான் இருக்கிறார்கள். வாய்விட்டுக் கத்துகிற தாயும் உங்கள் அம்மாவைப் போல வாயே திறக்காத தாயும் ஒரே நோயின் இரண்டு பக்கம்.

பத்திர விசயத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். காணாமல்போனவருக்கு மரண அத்தாட்சி எடுக்க 2010இல் ஒரு சட்டம் வந்தது. இறந்தவர் என்று ஒத்துக்கொள்ள விரும்பாதவர்கள் காணாமல்போனவர் என்ற சான்றிதழ் எடுக்கலாம் என்று 2016இல் அதைத் திருத்தினார்கள். காணாமல்போனோர் அலுவலகத்துக்கான சட்டமும் அதே வருடம்தான். அந்த அலுவலகத்தை நம்பாத குடும்பங்கள் வடக்கில் நிறைய, அதற்கு அவர்களிடம் காரணமும் இருக்கிறது. உங்கள் பெற்றோர் இவற்றில் எதையாவது முன்னரே செய்தும் இருக்கலாம். ஆகவே அவர்களுக்குத் தெரியாமல் எந்த அலுவலகத்திலும் நீங்கள் போய்ப் பதியாதீர்கள். முகநூலில் பெயரைப் போட்டுத் தேடாதீர்கள். "உங்கட பிள்ளை இன்ன முகாமில இருக்கு, இவ்வளவு காசு தந்தா காட்டலாம்" என்று சொல்லி வன்னியில் எத்தனை குடும்பங்களிடம் நகையையும் வயலையும் பிடுங்கினார்கள் தெரியுமா? அப்படியானவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

செம்மணியைப் பற்றியும் ஒரு வார்த்தை. அது யாழ்ப்பாணத்தில் இருக்கிறது. 1990களின் நடுப்பகுதியோடு சேர்த்துப் பேசப்படுகிற புதைகுழி. உங்கள் அண்ணா தொலைந்த இடமும் காலமும் வேறு. அம்மாவுக்கு இது தெரியாமல் இருக்காது. ஆனால் ஒரு பிள்ளையின் எலும்புகளோடு புத்தகப் பையைக் கண்ட தாய்க்கு வரைபடம் எதற்கு? அடுத்த முறை இப்படி ஏதும் செய்தி வந்தால், தொலைபேசியைப் பறிக்காமல் ஒரு தேத்தண்ணி போட்டுக் கொண்டுபோய்ப் பக்கத்தில் வையுங்கள். வட்டாப்பளைக்கு வாங்கோ என்று வற்புறுத்தவும் வேண்டாம். நந்திக்கடல் ஓரத்துக் கோயில் அது. மற்றவர்கள் உப்புத் தண்ணீரில் விளக்கெரியும் அற்புதத்தைப் பார்க்கப் போகிறார்கள். அம்மாவுக்கு அந்தத் தண்ணீர் வேறு.

அம்மா நாட்கணக்கில் நித்திரை இல்லாமல் இருந்தால், "நான் இருந்தென்ன" என்ற மாதிரிக் கதைத்தால், அதற்குப் பிறகு பொறுத்துப் பார்க்க வேண்டாம். மாஞ்சோலை வைத்தியசாலையில் உளநலப் பிரிவுக்குக் கூட்டிப்போங்கள். 1926 என்ற உளநல உதவி இலக்கத்துக்கு அழைத்தும் கதைக்கலாம். உங்களுக்கு அப்படி ஒரு எண்ணம் வந்தாலும் அதேதான்.

உங்கள் படிப்பு. ஒரு கொப்பி வாங்குங்கள். இரவு சாப்பாட்டுக்கு முன் அரை மணித்தியாலம் அண்ணாவுக்கு என்று ஒதுக்குங்கள். மனதில் வருவதையெல்லாம் எழுதிவிட்டு மூடிவையுங்கள். பகலில் நினைவு வந்தால் "பின்னேரம் வாறன்" என்று சொல்லுங்கள். சிரிப்பாக இருக்கும், ஆனால் வேலை செய்யும். நினைக்காதே என்றால் மனம் கேட்காது, நேரம் குறித்துக் கொடுத்தால் ஓரளவு கேட்கும்.

சோதனை முடிந்து, அம்மாவோடு அந்த முதல் வசனத்தைக் கதைத்த பிறகு எனக்கு எழுதுங்கள். அவர் எழும்பிப் போனாலும் எழுதுங்கள். அந்தக் கடிதத்தில் அண்ணாவின் பெயரை எழுதுங்கள், நான் அச்சில் போடமாட்டேன். உங்கள் கையால் ஒருதரம் எழுதிப் பார்ப்பதற்காகத்தான் கேட்கிறேன்.